கடை டோக்கனைத் தேய்க்காதீர்கள்

தாத்தாவின் டப்பாவில் பித்தளை வில்லைகள் கிடைத்தன, போர்க்காலக் கடை டோக்கன் என்கிறார்கள், சேர்த்து வைக்கலாமா, தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரன். என் தாத்தா சந்தைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942, 43-இல் சில்லறை அப்படியே மறைந்துவிட்டதாம். உலோகத்துக்கு விலை ஏற ஏற ஜனங்கள் காசைப் பதுக்கினார்கள். அரசு நடுவில் துளை போட்டு ஓட்டைக் காலணா அடித்தது, பழைய காலணாவில் பாதி எடைகூட இல்லை. பிகானேர், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் அட்டையிலேயே காசுச் சீட்டு போட்டன. ஓரணா நீட்டுபவருக்கு மீதி கொடுக்க வழியில்லாமல் தாத்தா கோயம்புத்தூரில் பித்தளை வில்லை அடித்து வாங்கி வந்தார். ஒரு பக்கம் அவர் பெயரின் முதல் எழுத்து தமிழில், மறுபக்கம் மலையாளத்தில். எதிரே இருந்த செக்குக்காரரும் அதை வாங்கிக்கொண்டாராம்.

எங்களுக்குக் கிடைத்தது பதினொன்று. கல்லூரி நாளில் ஒரு மதியம், புளியும் மணலும் வைத்து நானே எல்லாவற்றையும் தேய்த்தேன். தங்கம் போல மின்னின. எட்டில் எழுத்தே போய்விட்டது. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வில்லையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இன்னும் அது என்னை விடவில்லை.

இதெல்லாம் நாணயமே இல்லை என்று சிலர் வருவார்கள். சரி, அரசு முத்திரை இல்லைதான். ஆனால் கடைக்காரர் மேல் இருந்த நம்பிக்கையில்தானே அது ஓடியது? அப்புறம், பழைய வில்லை எல்லாமே போர்க்காலத்தது என்றும் நான் சொல்லவில்லை. எஸ்டேட் கூலி டோக்கன், ஹோட்டல் சாப்பாட்டு டோக்கன் என்று எத்தனையோ உண்டு. பெரும்பாலும் வருஷம் போட்டிருக்காது. அதனால்தான் எந்தக் கடை, யார் கொடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, வில்லையை அந்தத் தாளோடு வையுங்கள். அந்த விவரம் போனால் அது வெறும் பித்தளை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டீக்கடைக்காரர் அந்தக் காலத்தில் இரண்டு மொழியிலும் எழுத்து வெட்டினார். போன மாதம் ஓர் அலுவலகத்தில் நான் தமிழில் எழுதிய மனுவை, மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே நிறையப் பேர் வீட்டில் பேசுவது தமிழ்.

மிச்சமுள்ள மூன்றும் காகித உறையில் இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் போடாதீர்கள், பச்சை பிடிக்கும்.