குக்கியை அழித்தாலும் விடாத கைரேகை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குக்கிகளை தினமும் அழிக்கிறேன். அப்புறமும் என்னை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

குக்கி உங்கள் கணினியில் இணையதளங்கள் வைத்துவிட்டுப் போகும் சீட்டு. பிரவுசரின் கைரேகை என்பது உங்கள் கருவியின் விவரங்கள் சேர்ந்து உருவாகும் அடையாளம்; அதற்கு எதையும் வைக்க வேண்டியதில்லை. திரை அளவு, நேர மண்டலம், மொழி, எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பிரவுசரே சொல்லிவிடுகிறது. கான்வாஸ், அதாவது பிரவுசருக்குள் படம் வரையும் வசதி, இன்னும் நுட்பமானது. கண்ணில் படாமல் ஒரு வரியை வரையும்படி பிரவுசரிடம் சொல்வார்கள்; கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர், எழுத்துருவைப் பொறுத்து பிக்சல்கள் கொஞ்சம் மாறும். தனித்தனியாக எதுவும் உங்களைக் காட்டாது, சேர்ந்தால் காட்டும். இணைய உரிமைகளுக்காகச் செயல்படும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 சதவீதத்தின் கைரேகை வேறெதனோடும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: இன்காக்னிட்டோ போதுமா?

போதாது. அது குக்கியையும் பார்த்த பக்கங்களையும் சேமிக்காத சாளரம், அவ்வளவுதான். திரையும் கார்டும் அதேதானே.

கேள்வி: பேட்டரியைக்கூடப் பார்ப்பார்களாமே?

ஆமாம். சார்ஜ் எவ்வளவு, தீர எத்தனை வினாடி என்பதைத் தளங்கள் அனுமதி கேட்காமலே படிக்க முடிந்தது. குக்கியை அழித்துவிட்டு உடனே திரும்பி வந்தாலும் இந்த எண்கள் காட்டிக்கொடுக்கும் என்று 2015இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2017இல் ஃபயர்பாக்ஸ் 52 அதைத் தளங்களுக்கு மூடிவிட்டது. குரோம் மூடவில்லை.

கேள்வி: பதினோரு எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். யூசர் ஏஜென்டையும் (எந்தப் பிரவுசர், எந்தக் கருவி என்று தளத்துக்குச் சொல்லும் வரி) ஐபோன் என்று மாற்றிவிட்டேன். சரிதானே?

தயவுசெய்து கழற்றுங்கள். ஐபோன் என்று சொல்லிக்கொண்டு விண்டோஸ் எழுத்துருவும் 1920 அகலத் திரையும் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கூட்டத்தில் கலப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். பொய்த் தகவல் கொடுத்தால் குழம்பத்தானே செய்வார்கள்? பிரேவ் பிரவுசர் செய்வதும் அதுதானே?

நல்ல கேள்வி, பாதி சரி. பிரேவ் கான்வாஸ் முடிவில் மிகச் சிறிய மாற்றம் செய்யும். அந்த மாற்றம் தளத்துக்குத் தளம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு. அதனால் இரண்டு தளங்கள் தகவலை ஒப்பிட்டாலும் பொருந்தாது. நீங்கள் சொல்லும் பொய் என்றைக்கும் ஒரே பொய், அதுவே உங்கள் பெயராகிவிடுகிறது. அடையாளத்தை மறைக்கவென்றே உள்ள டார் பிரவுசரின் வழி வேறு: சாளர அளவைக்கூடக் குறிப்பிட்ட சில அளவுகளுக்கு இறக்கி, எல்லாரையும் ஒரே மாதிரி காட்டுகிறது. நான் அதன் பக்கம். அதிலும் எக்ஸ்டென்ஷன் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இன்காக்னிட்டோவோடு விபிஎன்னும் போட்டால்?

ஐபி முகவரி மாறும், கைரேகை மாறாது. மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: டார் பிரவுசரில் வங்கித் தளம் திறக்க மறுக்கிறது.

திருட்டு உள்நுழைவைப் பிடிக்க வங்கிகளும் கைரேகையைப் பார்ப்பதுண்டு. வங்கிக்கு உங்கள் பெயரே தெரியும். அங்கே ஒளிந்து பயனில்லை. அதற்கென்று ஒரு சாதாரண பிரவுசரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.