வாசலில் வேண்டாம், விளக்குக்கு வாங்குங்கள்

உங்கள் வார்டு பூங்காவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் நுழைவுக் கட்டணம் வைக்கலாமா, ஷட்டில் கோர்ட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் வாங்கவே வேண்டாம். தினமும் நடக்க வரும் பெரியவருக்கு அது மாதம் 600 ரூபாய், டிக்கெட் கிழிக்க ஓர் ஆளைப் போட்டால் வசூலில் பாதி அவர் சம்பளத்துக்கே போய்விடும்.

கோர்ட் வேறு விஷயம். நான்கு பேர் ஆடும்போது மற்றவர்களுக்கு இடமில்லை, அதனால் அங்கே வாங்குவது நியாயம்தான், ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 200 வாட் எல்இடி விளக்கு நான்கு எரிந்தால் மணிக்கு 0.8 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 8 ரூபாய். அதோடு கிழிகிற வலை, கோடு போடும் பெயின்ட், கூட்டுகிற அக்காவின் கூலி. இவ்வளவுதான் செலவு. பகலில் இலவசமாக விடுங்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் எப்போதுமே வாங்காதீர்கள்.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் என்று தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. ஆடுகிற பிள்ளைகளை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம், மாத வரவு செலவை எழுதி பூங்கா கேட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.