சம்பளம் வந்த வாரமே தீர்ந்துபோகிறது, நாலு இடத்தில் கடன்: எதில் தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: மாதச் சம்பளம். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், வெளி வட்டி, உறவுக்காரரிடம் கைமாத்து என்று நாலு பக்கமும் கடன். பட்ஜெட் போட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. முதலில் சேமிப்பதா, கடனை அடைப்பதா?

எங்கள் வீட்டிலும் இதே நாலும் இருந்தன. ஈரோட்டில் இருக்கிறோம். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் இருக்கிறார். மாமனாருக்கு ஆபரேஷன், நாத்தனார் கல்யாணம் இரண்டும் ஒரே வருடத்தில் வந்தன. எல்லாம் முடிந்து பார்த்தபோது கார்டில் 1,20,000, பர்சனல் லோன் 3 லட்சம், இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியது 1 லட்சம், என் மாமாவிடம் கைமாத்து 50,000. இன்று நாலும் முடிந்துவிட்டன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஆனால் சேமிப்பு என்று நான் சொல்வது ஆர்டி, நகைச் சீட்டு இதெல்லாம் இல்லை. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, எல்லா வட்டியையும் வருட வட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். வெளியில் இரண்டு ரூபாய் வட்டி என்கிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36. தண்டல் இன்னும் மோசம். 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாளில் 10,000 வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால் உங்கள் கையில் சராசரியாக இருப்பது அதில் பாதிதான். வருடக் கணக்கில் பார்த்தால் 80 சதவீதத்தை ஒட்டி வரும். தண்டல் ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும்.

எங்கள் தாளில் கார்டுதான் முதலிடத்தில் நின்றது. மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. 1,20,000-க்கு ஒரு மாத வட்டி 4,200, வரி 756, மொத்தம் 4,956. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருந்தது 6,000. அதைத் தேதி தவறாமல் கட்டினாலும் அசலில் குறைவது 1,044 ரூபாய்தான். இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்திருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மளிகையைக்கூட அந்தக் கார்டில் தேய்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பட்ஜெட்டும் நிற்காது.

டீயைக் குறை, ஓட்டலுக்குப் போகாதே என்று எல்லோரும் சொல்வார்கள். செலவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வேலை வட்டியைக் குறைப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் சங்கிலியை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கி, கார்டை ஒரே நாளில் முடித்தோம். நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 9.5 சதவீதம். அதே 1,20,000-க்கு மாதம் 950 ரூபாய். கிட்டத்தட்ட 5,000 ஆக இருந்த வட்டிச் செலவு ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. மாதம் முழுக்க இரண்டு பேரும் வாயைக் கட்டினாலும் இவ்வளவு மிச்சம் பிடித்திருக்க முடியாது. வீட்டுக்காரருக்கு என் நகையை வைப்பதில் மனமே இல்லை. என் மாமியார்தான், "அவசரத்துக்கு உதவாத நகையை வச்சு என்ன பண்றது கண்ணு" என்று முடித்துவைத்தார்.

இதைச் செய்வதானால் கார்டை அன்றே மூடிவிடுங்கள், குறைந்தது போனில் இருக்கும் ஆப்பிலாவது அதை முடக்கிவையுங்கள். நகையும் அடகில் இருந்து கார்டிலும் மறுபடி பாக்கி ஏறினால் நிலைமை முன்னைவிட மோசம். நகைக்கடனுக்குத் தேதி உண்டு. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வேண்டும், விட்டால் நோட்டீஸ், அப்புறம் ஏலம். வங்கி, கூட்டுறவுச் சங்கம் இரண்டிலும் விசாரித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள், வட்டியில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

இனி பட்ஜெட் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி. கேள்வியோடு நீங்கள் அனுப்பிய பட்ஜெட் பட்டியலைப் பார்த்தேன். வாடகை, மளிகை, பால், பெட்ரோல், இஎம்ஐ எல்லாம் இருக்கின்றன. மாதச் செலவு மட்டும்தான் இருக்கிறது. ஜூனில் ஸ்கூல் பீஸ் வரும். தீபாவளி, பொங்கல் வரும். எல்ஐசி பிரீமியம், வண்டி இன்சூரன்ஸ் வரும். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்தால் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். இதெல்லாம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வரும்போது திடீர்ச் செலவு என்கிறோம், கார்டை எடுக்கிறோம். மூன்றாவது மாதம் பட்ஜெட் உடைவது இந்த இடத்தில்தான்.

நான் ஒரு வருடத்துக்கான பட்டியல் போட்டேன். பீஸ் 30,000, எல்ஐசி 14,000, தீபாவளி 12,000, பொங்கல் 4,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 5,000, மொய், சீர் 10,000. மொத்தம் 75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,250. சம்பளம் வந்த அன்றே இந்தத் தொகை தனிக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, யுபிஐயிலும் சேர்க்கவில்லை. நான் சேமிப்பு என்று சொன்னது இதைத்தான். செலவாகப் போகிற பணம்தான், ஆனால் அது முன்கூட்டியே சேர்ந்திருந்தால் புதுக்கடன் வராது.

மொய்க்கு ஒரு தொகை எப்படிப் போட்டாய் என்று கேட்பீர்கள். மொய் நோட்டை எடுத்து உட்கார்ந்தால் தெரிந்துவிடும். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். மொய்யும் திருப்பித் தர வேண்டிய கடன்தான். கடன் பட்டியலில் அதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

இதோடு ஆஸ்பத்திரி, வண்டி ரிப்பேர் போன்ற நிஜமான அவசரத்துக்கு 15,000 ரூபாய் சேர்த்தோம். அது சேரும் வரை எந்தக் கடனுக்கும் கூடுதலாக ஒரு ரூபாயும் கட்டவில்லை. 24 சதவீத வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று என் கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். கையில் அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் அந்த அளவு சேர்ந்த பிறகு நிறுத்திவிட வேண்டும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் கிடைப்பது 7 சதவீதத்துக்கும் குறைவு, மூன்று வருடத்துக்கு முன் முடிக்கவும் முடியாது. 24 கட்டிக்கொண்டு அதில் போடுவது நஷ்டம். நகைச் சீட்டையும் நிறுத்தினேன். ஏலச் சீட்டை முதல் மாதங்களில் எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஏலத்தில் எவ்வளவு கழிவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செலவில் என்ன குறைத்தோம் என்றால், பெரிதாக எதுவும் இல்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை விடாமல் வாங்கினோம். நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் போனேன், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால் மீட்டரை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். காய்கறி, பால், பலகாரத்துக்கு வாரா வாரம் ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் வைத்தோம். போனில் ஸ்கேன் செய்து கொடுத்தால் போவதே தெரிவதில்லை.

கார்டு முடிந்ததும் மிஞ்சிய பணம் வெளி வட்டிக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல் உண்டு. மாதா மாதம் 2,000 கட்டுவது வட்டி மட்டும்தான், அசல் அப்படியே நிற்கும். மொத்தமாகத்தான் வாங்குவேன் என்றார் அவர். வீட்டுக்காரர் நேரில் போய்ப் பேசி, பத்தாயிரம் பத்தாயிரமாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் வட்டியில் 200 குறையும். அந்த 200-ஐயும் அடுத்த பத்தாயிரத்தில் சேர்த்தோம். கேட்காமல் இருந்திருந்தால் அவராகச் சொல்லியிருக்க மாட்டார். நியாயமான ஆள் என்பதால் பேச்சில் முடிந்தது. மிரட்டல், மணிக் கணக்கில் ஏறும் மீட்டர் வட்டி என்று போனால் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

மாமாவின் கைமாத்துக்கு வட்டி இல்லை. கணக்குப்படி அது கடைசியில் வர வேண்டும். "மெதுவாக் குடு கண்ணு" என்றுதான் அவரும் சொன்னார். ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே 2,000 கொடுத்துவந்தேன். வட்டி கேட்காதவரைக் கடைசியில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் மட்டும் கணக்கைத் தள்ளிவைத்தேன், நீங்களும் அப்படிச் செய்யலாம் என்றே சொல்வேன்.

பர்சனல் லோனை அவசரமாக முடிக்கவில்லை. 15 சதவீதம், நான்கு வருடம், மாதம் 8,350 தவணை. இந்த வகைத் தவணையில் ஆரம்பத்தில்தான் வட்டி அதிகம். முதல் தவணையில் 3,750 வட்டிக்கே போகும். மற்ற கடன்கள் எல்லாம் தீர்ந்து நகையும் வீட்டுக்கு வந்தபோது இதில் ஒரு வருடம்தான் பாக்கி. அசல் சுமார் 92,500, மீதி வட்டி சுமார் 7,700. முன்கூட்டி முடிக்க 4 சதவீதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 4,370 கேட்டார்கள். மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க 92,500-ஐ மொத்தமாகப் புரட்ட வேண்டுமா என்று யோசித்து, தவணையாகவே கட்டி முடித்தோம். உங்கள் லோனில் இன்னும் மூன்று வருடம் இருந்தால் கணக்கு வேறு மாதிரி வரலாம், வங்கியில் கேட்டு எழுதிப் பாருங்கள்.

கடன் முடியும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. வங்கியில் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். பாதித் தொகைக்கு செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று அழைப்பு வந்தால் உடனே தலையாட்டாதீர்கள், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது, பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது தடையாக வரும். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம். வெளி வட்டி என்றால் கடைசித் தவணை கொடுக்கும் அன்றே, அங்கேயே, புரோநோட்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிறது, அப்புறம் வந்து வாங்கிக்கோ என்றால் அந்தக் கடைசித் தொகையையும் அப்புறமே கொடுங்கள்.