வாசகர் கேள்விகள்: மாமல்லபுரத்திலும் சென்னையிலும் கலங்கரை விளக்கங்கள்

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளை மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்திற்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அதன் அருகே பாறைமேல் இருக்கும் கோயிலும் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே நிற்கும் ஒலக்கனேஸ்வரர் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் கட்டியது. விமானத்தின் மேற்பகுதியை இழந்து மொட்டையாக நின்ற அக்கோயிலின் கூரையில்தான் 1887இல் ஆங்கிலேயர் கப்பல்களுக்கு விளக்கேற்றினர். இப்போது நாம் ஏறும் வட்டக் கற்கோபுரம் 1904இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆனால் தொண்டை நாட்டுக் கடற்கரைக்கு விளக்கு புதிதன்று. ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிதான, கூரை வேயாத மாடத்தில் இரவில் தீ மூட்டிக் கலங்களை அழைத்த துறையொன்றைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. அத்துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

பலர் கோபுரத்தில் ஏறி இறங்கியதும் வெயிலைக் காரணம் காட்டிக் கோயிலை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் காலையிலேயே சென்று கோயிலை முதலில் பாருங்கள். கோபுரத்தின் படிகள் குறுகலானவை என்பதால் சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடியே ஏற்ற வேண்டும்.

கேள்வி: மாமல்லபுரக் கோபுரம் மெரினாவில் உள்ளதைவிட மிகக் குட்டையாக இருப்பது ஏன்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உயரத்தில் ஒரு பகுதியைப் பாறையே தந்துவிடுகிறது. கணக்கில் வருவது கடல் மட்டத்திலிருந்து விளக்கின் உயரமே தவிர, கட்டடத்தின் உயரம் அன்று. பூமி வளைந்திருப்பதால், 25 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அத்தொலைவை இரு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் மெரினாவுக்கு முந்தைய கலங்கரை விளக்கங்கள் எவையேனும் எஞ்சியுள்ளனவா?
– வாசகர், தாம்பரம்

பதில்: மூன்று இடங்களும் இன்றும் நிற்கின்றன, அதுவும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் என்பது இந்நகரத்தார் பலரும் அறியாத செய்தி. முதல் விளக்கு 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. அடுத்ததற்கென 1844இல் கோட்டைக்கு வடக்கே கிரேக்கப் பாணியில் ஓர் உயர்ந்த கல்தூண் எழுப்பப்பட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் அதைக் காணலாம், என் கண்ணுக்கு நான்கிலும் அழகானது அதுவே. பக்கத்திலேயே நீதிமன்றக் கட்டடம் அதைவிட உயரமாக எழுந்துவிட்டதால், 1894இல் விளக்கு அதன் குவிமாடத்திற்கு மாறியது. நீதி வழங்கும் மாளிகையே கப்பல்களுக்கும் வழிகாட்டிய இந்த ஏற்பாடு, 1977இல் மெரினாக் கோபுரம் ஒளிரும்வரை நீடித்தது.

நீதிமன்ற வளாகத்திற்குள் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.