‘போலீஸ்’ என்ற சொல் 1904-லேயே வந்துவிட்டது

கேள்வி: அமெரிக்கா உலகப் போலீஸ்காரனாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதானே? அதுவும் நம்மைப் போல பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. ஹிட்லரும் ஸ்டாலினும் இல்லாதிருந்தால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும் என்கிறேன். சரிதானே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: சரியில்லை. நீங்கள் குறிப்பிடும் அந்தப் ‘போலீஸ்’ என்ற சொல்லை அமெரிக்க அதிபர் ஒருவரே எழுத்தில் தந்திருக்கிறார். 1904 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் தியோடர் ரூஸ்வெல்ட் சொன்னது இது: மேற்கு அரைக்கோளத்தில், அதாவது அமெரிக்கக் கண்டங்களில், ஒரு நாடு ஓயாமல் தவறு செய்தாலோ, தன்னையே ஆளத் திறனற்றுப் போனாலோ, அமெரிக்கா ‘சர்வதேசப் போலீஸ் அதிகார’த்தைச் செலுத்த நேரிடலாம். அப்போது ஹிட்லருக்கு வயது 15.

அங்கே தவறு என்றால் என்ன? பெரும்பாலும் கடன் பாக்கி. அடுத்த ஆண்டே கரீபியன் கடல் நாடான டொமினிக்கன் குடியரசின் சுங்க வசூலை அமெரிக்க அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். துறைமுகங்களில் வசூலாகும் பணத்தில் 55 சதவீதம் வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களுக்கு. மிச்சம் 45 சதவீதம் அந்த நாட்டு அரசுக்கு. சொந்த வீட்டுக் கல்லாப்பெட்டியின் சாவி அடுத்தவன் இடுப்பில். பக்கத்து நாடான ஹெய்ட்டியில் அந்த நாசூக்குகூட இல்லை. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்நாட்டுத் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். மறு ஆண்டு இறங்கிய படை 1934 வரை, 19 ஆண்டுகள், திரும்பிப் போகவில்லை.

ரூஸ்வெல்ட் தன் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டியது அதிபர் மன்றோ 1823-இல் அறிவித்த கொள்கையை. ஐரோப்பிய அரசுகள் அமெரிக்கக் கண்டங்களில் புதிதாகக் குடியேற்றங்கள் அமைக்கக் கூடாது என்றார் மன்றோ. அன்று அதை நிலைநாட்டும் அளவுக்கு அமெரிக்காவிடம் கப்பல்களே இல்லை. ஒரு சிறிய குடியரசின் தற்காப்புப் பேச்சாக அதை எடுத்துக்கொள்ளலாம். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘நீ வராதே’ என்ற வாசகம் 81 ஆண்டுகளில் ‘நான் வருவேன்’ என்று ஆகிவிட்டது.

‘நம்மைப் போல விடுதலை பெற்ற நாடு’ என்கிறீர்களே, அந்த ஒப்பீட்டைத் தயவுசெய்து கைவிடுங்கள். நாம் விடுதலை கேட்டது இந்த மண்ணின் மக்களாக. அங்கே கேட்டவர்கள் குடியேறியவர்கள். அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763-இல் பிரிட்டிஷ் மன்னர் பிறப்பித்த தடை அவர்களுடைய கோபத்துக்கு ஒரு காரணம். 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம், மன்னர் மீதான குற்றச்சாட்டுகளில், புதிய நிலங்களைப் பெறுவதற்கு அவர் தடை போடுவதையும் சேர்த்திருக்கிறது. மண்ணுக்குரிய பழங்குடிகளை அதே பிரகடனம் ‘இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்’ என்கிறது. எல்லா மனிதரும் சமம் என்ற மகத்தான வரி இருக்கும் அதே தாளில் இதுவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அமெரிக்காவைப் புரிந்துகொள்ள முடியாது.

1845-இல் ஜான் ஓ’சல்லிவன் என்ற பத்திரிகையாளர் இந்த நிலப்பசிக்கு ஒரு பெயர் சூட்டினார்: ‘வெளிப்படையான ஊழ்’. கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்குக் கடவுள் விதித்தது என்று பொருள். பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. அடுத்தவர் நிலத்தைப் பறிப்பதை விதி என்று எழுதிவிட்டால், பறிப்பவனுக்குக் குற்ற உணர்வு எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டே மெக்சிகோவுடன் போர். 1848-இல் அது முடிந்தபோது, டெக்சஸையும் சேர்த்தால், மெக்சிகோ தன் நிலப்பரப்பில் பாதியை இழந்திருந்தது.

கண்டம் தீர்ந்ததும் கடல். 1898-இல் ஸ்பெயினைத் தோற்கடித்து, 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸை வாங்கியது அமெரிக்கா. ஸ்பெயினை எதிர்த்து ஏற்கெனவே போராடிக் குடியரசு அமைக்க முனைந்திருந்த பிலிப்பைன்ஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. 1899-இல் போர் மூண்டது. அங்கே இறந்த அமெரிக்கத் தளபதி ஹென்றி லாட்டன், 1886-இல் அப்பாச்சிப் பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவை விரட்டிச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர். மணிலாவுக்கு அருகே அவரைச் சுட்டு வீழ்த்திய பிலிப்பைன்ஸ் படையின் தளபதி பெயரும் ஹெரோனிமோ. ஒரே போர் கடலைத் தாண்டி நீண்டது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1901 செப்டம்பர் 28 அன்று சமார் தீவின் பலாங்கிகா ஊரில் தேவாலய மணி ஒலித்தது. அதுதான் சைகை. ஊரார் அமெரிக்க முகாமின் மீது பாய்ந்தார்கள். 48 வீரர்கள் இறந்தார்கள். பதிலுக்கு ஊர் கொளுத்தப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லும்படி ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. அதிபர் கட்டாய ஓய்வில் அனுப்பினார். அவ்வளவுதான். தேவாலயத்தின் மூன்று மணிகளையும் படையினர் எடுத்துச் சென்றார்கள்.

இதை எதிர்த்த அமெரிக்கர்களையும் மறக்கக் கூடாது. மார்க் ட்வைன் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் துணைத் தலைவராகவே இருந்து எழுதினார். அவர்கள் தோற்றார்கள்.

அப்படியென்றால் 1945-இல் நடந்தது என்ன? எண்ணம் புதிதல்ல, எதிரே நிற்க வலுவான போட்டியாளர்கள் குறைந்துபோனார்கள். பிரிட்டனும் பிரான்சும் களைத்திருந்தன. ஜெர்மனியும் ஜப்பானும் இடிபாடுகளாகக் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் நடந்த பன்னாட்டு நிதி மாநாட்டில், ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்ற கணக்கில், உலக நாணயங்களை டாலரோடு பிணைக்க முடிவாகியிருந்தது. ஸ்டாலின் காரணம் அல்ல, நல்ல சாக்கு.

பலாங்கிகாவில் எடுத்த அந்த மணிகள் எங்கே போயின தெரியுமா? இரண்டு, வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் இருந்தன. மூன்றாவது, அதைக் கைப்பற்றிய படைப்பிரிவோடு சேர்ந்து பயணப்பட்டு, தென் கொரியாவிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1901-இல் எடுத்த பொருள், 1945-க்குப் பிந்தைய தளத்தில். பிலிப்பைன்ஸ் பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 2018 டிசம்பரில்தான் மூன்றும் பலாங்கிகா தேவாலயத்துக்குத் திரும்பின.