பெரும் பொருளாளர் லீவில் போனால் காசோலைக்கு என்ன வழி?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உங்கள் மாணவர் சங்கத்தின் பெரும் பொருளாளர், அதாவது சங்கக் காசோலையில் ஒப்பமிடும் விரிவுரையாளர், நீண்ட லீவில் போய்விட்டார், ஹட்டன் தோட்டப் பிள்ளைகளுக்கான உயர்தரக் கருத்தரங்குக்கு மூன்று வாரந்தான் இருக்கிறது, காசெடுக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கே செயற்குழுவைக் கூட்டி, பதில் பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளரைப் பிரேரித்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் நேரில் போய்ச் சம்மதம் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும், அவரை நியமிக்கும்படி பீடாதிபதி ஊடாகப் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். நியமனக் கடிதம், கூட்டக் குறிப்பின் பிரதி, புதியவரின் அடையாள அட்டைப் பிரதி, மாதிரிக் கையொப்பம் எல்லாம் ஒன்றாக வங்கிக்குப் போகவேண்டும். பெரும்பாலும் இழுபடுவது இங்கேதான்: குறிப்பில் தலைவர், செயலாளர் கையொப்பம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒப்பம் வாங்கி வைக்கும் பழக்கம் சில சங்கங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கணக்கு பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர் ஒப்பமிட்ட பெரும் பொருளாளர்தான். நன்கொடையைத் தனிப்பட்ட கணக்கில் போடுவதும் அதே அளவு ஆபத்து.

தோட்டத்துக் கடையில் அச்சிட்ட பில் கிடைக்காமல் போகலாம். வவுச்சர் புத்தகம் கொண்டுபோய் பொருள், அளவு, தொகை, திகதி எழுதிக் கடைக்காரரின் ஒப்பம் வாங்குங்கள். கருத்தரங்கு முடிந்த கிழமையே அவற்றைப் புதியவரிடம் காட்டிவிடுங்கள்.