குறட்டை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகனின் முடி உதிர்வதற்கும் எடை குறைவதற்கும் நடுவில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "போன மாதம் ஒருநாள் சாயங்காலமே படுத்தவன் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தான். ஒரு மாதிரியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கியும் எழவில்லை. பல நாள் தூங்காத பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்." நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் இது இல்லை. ஆயினும் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், அன்று இரவு உங்கள் மகன் தூங்கவில்லை. போதைக்காக ஏற்றிக்கொண்ட மருந்தின் அளவு மீறியதால் மூச்சு தளர்ந்து, உயிர் போகக்கூடிய நிலையில் கிடந்திருக்கிறார். அன்று அவர் தானாக மீண்டுவிட்டார். அடுத்த முறையும் மீள்வார் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.

டேபென்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து இரண்டு ஆண்டுகளாக ஊசியில் ஏற்றி வந்தவர், தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று மாதம் இருந்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கத்து உங்கள் கிராமத்துக்குத் திரும்பிய சில நாள்களிலேயே அந்த இரவு வந்திருக்கிறது. இந்த வரிசையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரை அபின் வகையைச் சேர்ந்தது. வலியை அடக்குவதோடு, மூளையில் மூச்சை நடத்தும் பகுதியையும் மந்தப்படுத்தும். நாள்தோறும் எடுப்பவரின் உடல் மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் புதியவர் ஒருவரைக் கொன்றுவிடக்கூடிய அளவைப் போட்டுக்கொண்டும் அவர் நடமாடுகிறார். சில வாரங்கள் நிறுத்தியதும் அந்தப் பழக்கம் உடலைவிட்டுப் போய்விடுகிறது, ஆனால் பழைய அளவு அவருடைய நினைவில் அப்படியே இருக்கிறது. ஏக்கம் தாங்காமல் ஒருநாள் பழைய அளவையே போட்டுக்கொள்ளும்போது, உடலைப் பொறுத்தவரை அது முதல் நாள் ஊசிக்குச் சமம். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இவர்களுக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட உண்மை. அதே நாளில் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்துவிட்டால் ஆபத்து பல மடங்காகிவிடும். "மையத்திலிருந்து திருந்தி வந்துவிட்டான், இனிப் பயமில்லை" என்று வீட்டார் மூச்சுவிடும் அந்த நாள்களில்தான் அவரைக் கண்காணிக்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வீட்டில் இருக்கும் எல்லோரும், உங்கள் இளைய மகளும்கூட, இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும். சாதாரணத் தூக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசைவார். நெஞ்செலும்பின் மீது விரல் கணுக்களை வைத்து அழுத்தித் தேய்த்தால் முகம் சுளித்துக் கையைத் தட்டிவிடுவார். அவ்வளவு செய்தும் அசையாதவர் தூங்கவில்லை. அடுத்து மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு இருக்க வேண்டும். பத்துக்கும் கீழே இறங்கினாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நெடுநேரம் எதுவுமே இல்லாமல் போனாலோ, அது உயிராபத்து. நீங்கள் "ஒரு மாதிரியான குறட்டை" என்று எழுதியிருப்பது, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையில் எச்சில் தேங்கி, காற்று தட்டுத்தடுமாறி உள்ளே போகும்போது எழும் களகள ஒலியாக இருந்திருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடு நீலமாகும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள், சாம்பல் பூத்தது போல வெளிறியிருக்கும்.

இதில் இரண்டு அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தாலே 108-க்கு அழையுங்கள். "நினைவில்லை, மூச்சு சரியாக இல்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். மூச்சு வந்துகொண்டிருந்தால், வாயில் இருப்பதைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கிவிடுங்கள். வாந்தி எடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போகாது. மூச்சு மிகவும் குறைந்துவிட்டாலோ நின்றுவிட்டாலோ, மல்லாத்திப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித் துடிப்பே இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108-இல் பேசுபவர் எப்படிச் செய்வதென்று சொல்லித் தருவார். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவில்லாதவருக்கு அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் கன்னத்தில் அறைவதும் நேரத்தைத்தான் வீணாக்கும்.

மருத்துவமனையில் நலாக்சோன் என்னும் மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே இருக்கும் போதை மருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கும். ஆகவே கண் விழித்துப் பேசிவிட்டார் என்று கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். வழியிலேயே மறுபடியும் மூச்சு அடங்கக்கூடும்.

அழைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். இந்த அச்சத்தால் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்களில்தான் மரணம் நிகழ்கிறது என்பதால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன். மருத்துவமனை தன் பதிவுக்காகக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பலாம்; அது நடைமுறை, உங்கள் மகன் மீதான குற்றச்சாட்டு அன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர் மீது வழக்கு நடத்துவதற்கு அது விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். மருத்துவரிடம் எதைப் போட்டுக்கொண்டார், எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் நாங்கள் தவறான திசையில் தேடிக்கொண்டிருப்போம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடி உதிர்வு பொருட்டில்லை. உணவு சீரானால் நிற்கும். கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் மருந்து நின்றதன் அறிகுறிகள். வேதனை தரும், ஆனால் உடல்வலுவுள்ள இளைஞருக்கு அவற்றால் ஆபத்து வருவது அரிது. பிள்ளைப்பேறு போய்விடும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். மருந்தால் மந்தமாகும் சுரப்புகள் பெரும்பாலும் தேறிவிடும். "மூளை சுருங்கிவிட்டது" என்று காட்டும் படங்களையும் பார்க்காதீர்கள். ஊசியைப் பிறரோடு பகிர்ந்திருந்தால் மஞ்சள் காமாலை சி, பி வகைகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சி வகை இருந்தாலும், பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும்; அந்த மாத்திரை அரசுத் திட்டத்தில் இலவசம். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ குளிர்க் காய்ச்சல் வந்தாலோ மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ஏனெனில் விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையின் மாவும் கிருமியும் இரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை போகும்.

அடுத்து, இணையத்தில் வாங்கி இரசத்தில் கலந்து கொடுப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் பொடி. இன்றோடு நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறதென்று விற்றவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்படி விற்கப்படும் சிலவற்றில் டைசல்பிரம் இருப்பதுண்டு. அது மதுவுக்கான மருந்து. டேபென்டடால் ஊசிக்கு அதனால் பயனே இல்லை. அதை உட்கொண்டவர், உட்கொண்டது தெரியாமலே குடித்துவிட்டால், நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழுவார். நோயாளிக்குத் தெரியாமல் எந்த மருந்தையும் கொடுக்க எங்களுக்கே உரிமை இல்லை. அதைவிடப் பெரிய கேடு, உண்மை தெரியும் நாளில் அம்மா கையால் சாப்பிடவும் அவர் அஞ்சுவார் என்பது. அந்தப் பொட்டலத்தை எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மருத்துவர் புப்ரெனார்பின் மாத்திரையைப் பரிந்துரைத்தார் என்றும், "ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாற்றுகிறார்கள்" என்று ஒரு காணொளியில் கேட்டு அதைத் தொடங்காமல் விட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, மகனைக் காக்கக்கூடிய மருந்தை அந்தக் காணொளி உங்கள் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறது. அந்த மருந்து, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, மூளையில் அபின் வகை மருந்துகள் உட்காரும் இடங்களை முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏக்கம் அடங்குகிறது, மேலே ஊசி போட்டாலும் பெரும்பாலும் ஏறுவதில்லை, அளவு கூடினாலும் மூச்சை அடக்கும் வேகம் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை. மருத்துவர் சொல்லும் நேரத்தில் தொடங்கி, அவர் சொல்லும் அளவில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1995-க்குப் பிறகு சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இதை எழுதித் தரத் தொடங்கியதும், ஹெராயின் அளவு மீறி நேர்ந்த இறப்புகள் நான்கே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. ஓராண்டோ மூன்றாண்டோ, எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலம் எடுக்கட்டும். அவசரப்பட்டு நிறுத்தியவர்களே மறுபடியும் ஊசிக்குத் திரும்புகிறார்கள்.

மையத்தில் மகனுக்கு மொட்டையடித்துச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள் என்றும், அங்கேயே மறுபடியும் சேர்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். சேர்க்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி போதை அடிமைத்தனமும் மனநோயின் வரையறைக்குள் வருகிறது. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் கட்டாய மொட்டையடிப்பதையும் அந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஆனாலும் கட்டி வைத்ததைவிட எனக்குப் பெரிய குற்றமாகப் படுவது, மூன்று மாதம் மருந்தின்றி வைத்திருந்துவிட்டு, தொடர் சிகிச்சை இல்லாமல், "இனிப் பழைய அளவைத் தொட்டால் உயிர் போகும்" என்ற எச்சரிக்கைகூட இல்லாமல், கட்டணத்தை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பியதுதான். மறுவாழ்வு மையம் ஒவ்வொன்றும் வீட்டுக்கு அனுப்பும் நாளில் இந்த எச்சரிக்கையை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். நலாக்சோன் ஆரம்பச் சுகாதார நிலையங்கள்வரை கிடைக்க வேண்டும். 2018-இல் டிராமடால் என்னும் இன்னோர் அபின் வகை வலி மாத்திரை போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் அதன் பிறகு அந்த இடத்தை டேபென்டடால் பிடித்துக்கொண்டது. சிகிச்சைக்கு வழி திறக்காமல் ஒரு மாத்திரையை மட்டும் பூட்டினால் பிள்ளைகள் அடுத்த மாத்திரைக்குப் போகிறார்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலையில் ஏறத்தாழ 77 இலட்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறது. போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 தோறும் மாணவர்களைப் பதாகையோடு ஊர்வலம் விடுகிறோம். அந்த உழைப்பில் ஒரு பகுதியையாவது, உசிலம்பட்டியைப் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனையிலேயே வாரத்தில் சில நாள் புப்ரெனார்பின் கிடைக்கச் செய்வதற்குச் செலவிட்டால், மதுரைக்கு வந்துபோகக் கூலியையும் ஒரு நாள் வேலையையும் இழக்கும் குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடமாட்டா.

மகனிடம் பேசுங்கள். போதையில் இருக்கும்போதும் ஏக்கத்தில் துடிக்கும்போதும் வேண்டாம். காலையில் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவருடைய அப்பாவும் உடனிருக்க, அந்த இரவில் நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். திட்டாமல், சத்தியம் வாங்காமல், "உன் உடம்பு இப்போது பழைய அளவைத் தாங்காது, தனியாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் காப்பாற்ற ஆள் இருக்காது" என்பதை அவர் காதில் விழச் செய்யுங்கள். அவர் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், முன்பு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, புப்ரெனார்பினைத் தொடங்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதுவரை பேசுவதற்கு ஆள் தேவைப்பட்டால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கும் கட்டணமின்றி அழைக்கலாம்.